நூற்று நாற்பத்தேழு

லிவோர்னோ துறைமுகத்தில்
கன்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பது என் வேலை.
வீட்டுக்கு வந்தும் அதே பிழைப்புதானா
என்பாள் அக்கா இவெத்தா.

வீட்டில் இருப்பது ஒரு மென்பொருள்.
அதற்கு உலகமே இரண்டு நிறம்:
இருப்பது பச்சை, வேண்டுவது சிவப்பு.
சிவப்பை மட்டும் அச்சடித்து
மடித்துப் பர்ஸில் வைத்திருப்பேன்.
மாங்கோலிஸ்தா என்போம் இங்கே,
இல்லாதவற்றின் பட்டியல்.
காமிக்ஸ் சேர்ப்பவர்கள் இருவர் சந்தித்தால்
சுகம் விசாரிக்கும் முன்
அதைத்தான் நீட்டுவோம்.

மூழ்கிய கப்பல்களைத் துழாவும்
ஒற்றைக்கண்காரி ஒருத்தியின் கதை.
மாதம் ஒன்றாய் இருபத்தாறு வருடம் வந்து
ஒரு டிசம்பரில்
அவளைக் கடலடியிலேயே விட்டுவிட்டு நின்றுபோனது.
மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
முந்நூற்றுப் பதினொன்று பச்சை.
நடுவில் ஒரே ஒரு சிவப்பு,
147.

அந்த மாதம் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம்.
பத்திரிகைக் கடைக்காரர் கைவிரித்தார்.
எனக்கு ஒன்பது வயது.
அதற்குப்பின் வந்த எல்லா மாதங்களும்
ஒழுங்காகத்தான் வந்தன,
ஆனாலும்.

போன ஞாயிறு எம்போலியில்,
பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி அறையில் பழைய இதழ்ச் சந்தை.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
செலிந்தா என்றொரு பெண்,
ஈரக் குடையை விரித்து வைத்து
அதற்குள் இதழ்களைக் குவித்திருந்தாள்.
இல்லை, குடைக்குப் பக்கத்தில்.
ஞாபகம் அவசரத்தில் அப்படிப் பதிந்துவிட்டது.
எட்டு யூரோ என்றாள்.
எண்பது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரயிலில் பிரிக்கவில்லை.
வீட்டுக்கு வந்து, கை கழுவி,
முதலில் கட்டத்தில் டிக் அடித்தேன்.
சின்னதாய் ஒரு மணி ஒலித்தது.
தொகுப்பு முழுமை அடைந்தது, வாழ்த்துகள்.
பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன்.

அறுபத்தோராம் பக்கத்தில்
தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஓட்டை.

கூப்பன்.
140 முதல் 151 வரை பன்னிரண்டும் வெட்டி அனுப்பினால்
நிஜமாகவே வடக்கைக் காட்டும் திசைகாட்டி இலவசம்.
யாரோ தன் திசையை வாங்கிக்கொண்டு
மிச்சத்தை எனக்கு விற்றிருக்கிறார்கள்.
ஓரங்கள் ரம்பப்பல் போல் நெளிநெளியாக.
துணி வெட்டும் கத்தரி.

147 வேண்டும் என்று மறுபடி தட்டினேன்.
இது ஏற்கெனவே உங்களிடம் உள்ளது
என்றது மென்பொருள்.
இல்லை என்றேன், வாய்விட்டு.
அறையில் வேறு யாருமில்லை.

என்னவோ தோன்றி 146ஐ எடுத்துப் பார்த்தேன்.
ஓட்டை.
148. ஓட்டை.
மொண்ணைக் கத்தரியால்
கோணல்மாணலாய் நானே போட்டவை,
பதினொன்று.
தரம் என்ற கட்டத்தில்
பதினொன்றுக்கும் எழுதியிருக்கிறேன், மிக நன்று.
பொய்யில்லை. இத்தனை வருடமும்
அவை கண்ணில் பட்டதேயில்லை.

பன்னிரண்டாவது கிடைக்காமல்
அந்தப் பதினொன்றையும்
மூன்றாம் மாடி நெல்லோவுக்குக் கொடுத்து
ஒரு சைக்கிள் மணி வாங்கினேன்.
உன்னிடம் 147 இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை.
அவன் அம்மா கல்யாண உடைகள் தைப்பவள்.
எங்கள் கூடம் வரைக்கும் கேட்கும்
அந்தத் தையல் இயந்திரம்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாய் மாற்றினேன்.
முந்நூறு பச்சை. பன்னிரண்டு சிவப்பு.
எண்ணிக்கை இறங்கும்போது
மணி எதுவும் அடிப்பதில்லை.

ராத்திரி இவெத்தா கூப்பிட்டாள்.
"கிடைச்சுதா, அந்த ஒண்ணு?"
கிடைச்சுது.
"அப்ப பாக்கி?"
பன்னிரண்டு.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"சாப்பிட்டியா நீ?"

விளக்கடியில் 147 திறந்தே கிடக்கிறது.
ஒற்றைக்கண்காரி யாரிடமோ என்னவோ சொல்கிறாள்.
வாய் இருக்க வேண்டிய இடத்தில்
அடுத்த பக்கத்துக் கடல்.